குழாய்க் கணக்கு: போராகாய் தீவை ஆறு மாதம் பூட்டியது ஏன்?

ஒரு நாட்டின் அதிபர் கையெழுத்திடும் பிரகடனத்தில் போர், புயல், பஞ்சம் பற்றி இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். 2018 ஏப்ரல் 26 அன்று பிலிப்பைன்ஸ் அதிபர் ரொட்ரிகோ துதெர்தே கையெழுத்திட்ட 475-ஆம் பிரகடனத்தில் குப்பை லாரிக் கணக்கு இருக்கிறது. போராகாய் தீவில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 90 முதல் 115 டன். அள்ளிக்கொண்டு போகும் திறன் 30 டன். கரையோரமாக இருக்கும் 51 நிறுவனங்களில், 2004-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றுபவை 14. தீவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் புலாபோக் கடற்கரையில் மார்ச் 6 முதல் 10 வரை தினமும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி 100-க்கு மேல் இருக்கக் கூடாது. வந்த சராசரி 18,000.

தீவின் மூன்று பரங்காய்களிலும் பேரிடர் நிலை என்று அந்தப் பிரகடனம் அறிவித்தது. பரங்காய் என்பது அங்கே ஆகக் கீழ்மட்ட உள்ளாட்சி, நம் வார்டு அல்லது ஊராட்சி மாதிரி. புயல் அடிக்கவில்லை, நிலம் நடுங்கவில்லை. சாக்கடைக்காகப் பேரிடர்! முந்தைய ஆண்டில் மட்டும் 20 லட்சம் பேர் வந்து, 5,600 கோடி பெசோ வருமானம் தந்த உல்லாசத் தீவு ஆறு மாதத்துக்குப் பூட்டப்பட்டது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: கூட்டம் தாங்கவில்லை. எனக்கு இந்த விளக்கத்தில் திருப்தி இல்லை. கூட்டம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி தரைக்குக் கீழே, குழாய்களில் இருந்தது. அதைவிட, எந்தக் குழாய் யார் பொறுப்பு என்ற குழப்பத்தில் இருந்தது.

மலாய் என்கிற ஊர்

மலாய் என்றதும் நமக்கு மொழிதான் நினைவுக்கு வரும். இது ஊர். பனாய் தீவின் வடமேற்கு மூக்கில், அக்லான் மாகாணத்தில் இருக்கும் நகராட்சி. பிலிப்பைன்ஸில் நகராட்சி என்றால் நகரமாக இருக்கவேண்டும் என்பதில்லை. வயல், காடு, மீனவர் குடியிருப்பு எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன தாலுகா போல இருக்கும். மலாயில் 17 பரங்காய்கள். அவற்றில் மானோக்-மானோக், பாலாபாக், யாபாக் ஆகிய மூன்று மட்டும் போராகாய் தீவில் இருக்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மொத்த மக்கள் 60,077; அதில் போராகாயில் மட்டும் 37,802. பதினேழில் மூன்று பரங்காய்களில் பாதிக்கும் மேற்பட்ட சனம். தீவின் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனை 7 கிலோமீட்டர், குறுகலான இடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட வராது.

நகராட்சி அலுவலகம், குடிநீர் தரும் ஆறு, குப்பைக் கிடங்கு எல்லாம் பெருநிலத்தில். காசு கொட்டுவது தீவில். நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் கடல். இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும்.

அடுத்தது நிலம். 1978-ல் அதிபர் மார்கோஸ் ஒரு பிரகடனத்தின் மூலம் போராகாயைச் சுற்றுலா மண்டலமாக அறிவித்தார். ஆனால் நிலம் யாருடையது என்பதை யாரும் வரையறுக்கவில்லை. 2006-ல்தான் 1064-ஆம் பிரகடனம் வந்து 400 ஹெக்டேரைக் காப்புக்காடு என்றும், 628.96 ஹெக்டேரைத் தனியாருக்குக் கொடுக்கக்கூடிய நிலம் என்றும் பிரித்தது. சாலைகளின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 15 மீட்டர் காலியாக விடவேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பட்டா கேட்டு வழக்குப் போட்டார்கள். 2006-க்கு முன்னால் இந்தத் தீவு முழுவதுமே அரசு நிலம், வரி கட்டிய ரசீது உரிமையைத் தராது என்று 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதாவது, போராகாயின் பெரிய ஓட்டல்களில் பல எழும்பிய காலத்தில் அந்த நிலத்துக்கு முறையான பட்டாவே கிடையாது. கட்டட அனுமதி மட்டும் வந்துகொண்டே இருந்தது. 2018 பிரகடனத்தின் கணக்குப்படி, வனநிலத்திலும் சதுப்புநிலத்திலும் நின்ற சட்டவிரோதக் கட்டுமானங்கள் 937. தீவில் இருந்த ஒன்பது சதுப்புநிலங்களில் மிஞ்சியவை நான்கு.

சதுப்புநிலம் போனால் கொக்கு போகும், தவளை போகும் என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஆனால் இந்தத் தீவின் நடுப்பகுதி தாழ்ந்த மணற்பாங்கு. வடக்கிலும் தெற்கிலும் மேடு. மழை பெய்தால் தண்ணீர் நடுவுக்குத்தான் வரும். அங்கே தேங்கி, மெதுவாக ஊறிப் போக இயற்கை வைத்த இடங்கள்தான் அந்த ஒன்பதும். அவற்றை நிரப்பிக் கட்டிய பிறகு, மழைநீருக்குச் செயற்கையாக வடிகால் கட்டவேண்டி வந்தது. பின்னால் நடந்த வினையெல்லாம் அந்த வடிகாலில்தான்.

ஒரே பயணி, மூன்று ஜன்னல்

தீவுக்குப் போகும் வழி ஒன்றுதான் என்று சொல்லலாம். பெருநிலத்தில் கட்டிக்லான் படகுத்துறை. எதிரே தீவின் தென்முனையில் காக்பான் படகுத்துறை. இரண்டுக்கும் நடுவில் பக்கக்கட்டை வைத்த பங்கா படகுகள், பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். படகுகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கம். தென்மேற்குப் பருவக்காற்று, அவர்கள் மொழியில் ஹபகாட், வீசத் தொடங்கினால் கடல் முரடாகிவிடும். அப்போது படகுகள் இந்தத் துறைகளை விட்டுவிட்டு தபோன், தம்பிசான் என்ற மறைவான துறைகளுக்கு மாறும். வடகிழக்குக் காற்றான அமிஹான் திரும்பியதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒரு ஊரின் பேருந்து நிலையம் வருடத்தில் இரண்டு முறை இடம் மாறுவது போல.

சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்ல. சிமெண்ட், அரிசி, எரிவாயு சிலிண்டர், கட்டில், மெத்தை எல்லாமே கடல் கடந்துதான் வரவேண்டும். மின்சாரம் பெருநிலத்திலிருந்து கடலடிக் கம்பி வழியாக வருகிறது; கொடுப்பது அக்லான் மின் கூட்டுறவு. கட்டிக்லானே ஒரு பெரிய சங்கிலியின் கண்ணி. மிந்தோரோ தீவின் ரோகாஸ் துறையிலிருந்து லாரியும் பஸ்ஸும் ஏற்றிவரும் கப்பல்கள் இங்கேதான் பனாய் தீவைத் தொடும்.

படகேறும் பயணி கட்டிக்லானில் மூன்று விதமாகக் காசு கட்டவேண்டும். படகுக் கூலி சங்கத்துக்கு. முனையக் கட்டணம் மாகாண அரசுக்கு, ஏனென்றால் இரண்டு படகுத்துறைகளையும் நடத்துவது மாகாணம். சுற்றுச்சூழல் கட்டணம் மலாய் நகராட்சிக்கு. அது வெகுகாலம் 75 பெசோவாக இருந்தது. 2017-ல் வந்த 20 லட்சம் பேரும் ஒருவர் விடாமல் கட்டியிருந்தாலும் நகராட்சிக்கு அந்தக் கட்டணத்தில் 15 கோடி பெசோதான் வந்திருக்கும். தீவின் சுற்றுலா வருமானம் 5,600 கோடி. தொழில்வரி, உரிமக் கட்டணம் எல்லாம் தனி, சரி. ஆனாலும் குப்பையும் கழிவும் பார்க்க வசூலித்த பணம் எவ்வளவு சின்னது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆட்களைக் கொண்டுவருவதற்கான கட்டமைப்பு மட்டும் வேகமாக வளர்ந்தது. கட்டிக்லானில் இருக்கும் கொதொஃப்ரெதோ ராமோஸ் விமான நிலையம் முன்பு சின்ன விமானங்களுக்கானது. ஓடுதளத்தின் முனையில் ஒரு குன்று. பெரிய விமானத்தில் வருபவர் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலிபோவில் இறங்கி, இரண்டு மணி நேரம் வேனில் வரவேண்டும். தனியார் நிறுவனம் விமான நிலையத்தை எடுத்தது, குன்றைச் செதுக்கியது, ஓடுதளத்தை நீட்டியது. 2016-ல் ஏர்பஸ் 320 இறங்கத் தொடங்கியது. விமானத்தைவிட்டு இறங்கினால் அரை மணி நேரத்தில் படகில் ஏறிவிடலாம்.

மாகாண அரசும் சும்மா இருக்கவில்லை. கட்டிக்லான் துறையை விரிவாக்க 40 ஹெக்டேர் கடலைத் தூர்க்கும் திட்டம் ஒன்றை எடுத்தது. முதல் கட்டமாக 2.64 ஹெக்டேர். தீவின் தொழில்முனைவோர் அமைப்பு வழக்குப் போட்டது. ஆய்வை முறையாகச் செய், உள்ளாட்சிகளைக் கலந்து பேசு என்று 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விமான நிலையம், படகுத்துறை எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும்போது சாக்கடைக் குழாயின் விட்டம் என்ன ஆகிறது என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

மழைநீர்க் குழாயில் என்ன போனது

தீவுக்குக் குடிநீர் தருவது நபாவோய் ஆறு. அது மலாயின் பெருநிலப் பகுதியில் ஓடுகிறது. ஆற்று நீரை அங்கேயே சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். 2010-லிருந்து இதைச் செய்யும் பெரிய நிறுவனம் மணிலா வாட்டரும், தேசியச் சுற்றுலாக் கட்டமைப்பு ஆணையமான தியேசாவும் சேர்ந்து தொடங்கிய போராகாய் ஐலண்ட் வாட்டர். இன்னொன்று போராகாய் துபி. துபி என்றால் அந்தப் பக்கத்து மொழிகளில் தண்ணீர்.

நல்ல தண்ணீர் வீட்டுக்கு வருவதற்கு ஓட்டல்காரர் தவம் கிடப்பார். அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. இது போராகாய்க்கு மட்டும் உள்ள குணம் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரியும். சாக்கடை இணைப்பு இல்லை என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

தீவில் இரண்டு தனித்தனி வலைகள் இருந்தன. ஒன்று கழிவுநீர்க் குழாய். கழிவறை, சமையலறை, குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப் போவது. இதில் சேர இணைப்புச் செலவு உண்டு, மாதாமாதம் கட்டணம் உண்டு, சமையலறை எண்ணெயைப் பிடித்து வைக்க தொட்டி கட்டவேண்டும். இன்னொன்று மழைநீர் வடிகால். இதைக் கட்டியது தேசியச் சுற்றுலா அமைப்பு. சாலையோரமாகப் போய், சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராகக் கடலில் விழும். மழைநீருக்கு அது போதும் என்பதுதான் கணக்கு.

மழைநீர் வடிகால் கடைவாசலிலேயே போகிறது. கழிவுநீர்க் குழாய் தெருவுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தாலும் காசு. நடந்தது என்ன என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஓட்டலும் வீடும் கடையும் தங்கள் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் செருகிவிட்டன. இன்னும் சிலர் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல், வெண்மணலுக்கு அடியிலேயே குழாய் புதைத்துக் கடலுக்குள் விட்டிருந்தார்கள். 2018-ல் மணலைத் தோண்டியபோது அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. செப்டிக் டேங்க் வைத்திருந்தவர்களும் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. மணலும் சுண்ணாம்புப் பாறையும் நீரைத் தேக்கி வைக்காது, கீழே இறங்கியது கடல் பக்கம்தான் நகரும்.

வடிகாலின் வாய் புலாபோக் கடற்கரையில். அது தீவின் முதுகுப்புறம். முகப்புறம் மேற்கே இருக்கும் நான்கு கிலோமீட்டர் வெண்மணல் கடற்கரை. விளம்பரப் படங்களில் வருவது அதுதான். புலாபோக்கில் அமிஹான் காற்றில் பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்குபவர்கள் விளையாடுவார்கள். 2015-லேயே சுற்றுச்சூழல் துறையினர் இந்த வடிகால் வாயில் எடுத்த நீரில் 47,460 கோலிஃபார்ம் கிருமி என்று சொன்னார்கள், 1,000-க்குள் இருந்திருக்கவேண்டும். (மேலே சொன்ன 18,000 மலக்கிருமி மட்டும், இது எல்லாவகைக் கோலிஃபார்மும் சேர்ந்த கணக்கு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.) அந்த அறிக்கைக்குப் பிறகும் மூன்று ஆண்டு எல்லாம் வழக்கம்போல நடந்தது. சறுக்கியவர்களும் சறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெண்மணல் பக்கத்தில் ஆண்டுதோறும் கோடைக்கு முன்னால் பச்சைப் பாசி வந்து மிதக்கும். உள்ளூரில் அதற்கு லுமோட் என்று பெயர். அது காலங்காலமாக வருவதுதான், மணலை வெளுப்பாக்குவதே அதுதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் சாக்கடை உரம் கிடைத்தால் பாசி கொழுக்கும் என்பதிலும் சந்தேகம் கிடையாது. ஜப்பானிய ஒத்துழைப்பு முகமையின் ஆய்வை மேற்கோள் காட்டும் பிரகடனம், 1988-க்கும் 2011-க்கும் இடையே பவளப்பாறைப் பரப்பு 70.5 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. அதில் மிகப் பெரிய சரிவு 2008-க்கும் 2011-க்கும் நடுவில். பவளம் போனால் மணல் நிற்காது. கடற்கரையை விற்றுப் பிழைப்பவர்கள் கடற்கரைக்கு அடிக்கட்டையாக இருந்ததைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, யாரைக் கேட்பது? கட்டட அனுமதி நகராட்சி. வடிகால் தியேசா. கழிவுநீர்க் குழாய் நிறுவனம், அதில் தியேசாவும் பங்குதாரர். கடல்நீர்த் தரம் சுற்றுச்சூழல் துறை. படகுத்துறை மாகாணம். சாலை பொதுப்பணித் துறையும் நகராட்சியும். ஓட்டலுக்குத் தரச்சான்று சுற்றுலாத் துறை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. வடிகாலில் சாக்கடை போகிறது என்றால், செருகியவரைப் பிடிப்பது நகராட்சியின் வேலையா, குழாயின் சொந்தக்காரர் வேலையா, நீரைச் சோதிப்பவர் வேலையா? மூவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். மூவரிடமும் அதற்கான காகிதம் இருக்கும்.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருநிலத்தில் காபுலிஹான் என்ற பரங்காயில் குப்பைக் கிடங்கு இருக்கிறது. தீவின் குப்பையைப் படகேற்றி அங்கே கொண்டுபோக வேண்டும். 30 டன் போனது, மிச்சம் தங்கியது.

ஆறு மாதம்

2018 பிப்ரவரியில் துதெர்தே போராகாயை மலக்குழி என்று வர்ணித்தார். அவர் வாய்க்கு அது புதிதில்லை. அடுத்த இரண்டரை மாதத்தில் தீவு மூடப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் யாரும் உள்ளே வரக்கூடாது. குடியிருப்பவர்கள் அடையாள அட்டை காட்டித்தான் படகேற முடியும். அவர்கள் கடலில் குளிப்பதற்குக்கூட ஆங்கோல் என்ற ஒரு பகுதி மட்டும், அதுவும் பகலில் மட்டும். சுற்றுலாவை நம்பிய பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள்; பலர் சொந்த ஊருக்குப் படகேறினார்கள்.

வழக்குப் போட்டவர்களில் ஒருவர் கடற்கரையில் மணற்கோட்டை கட்டிப் பிழைப்பவர். இன்னொருவர் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர். தாற்காலிகமாக மூடுவது அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் தீவு திறந்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. மணற்கோட்டைக்கும் புதிதாக அனுமதி வாங்கவேண்டும் என்று விதி வந்திருந்தது.

வேலைகளைக் கவனித்தது பல துறைகளை ஒன்றாகக் கட்டிய ஒரு பணிக்குழு. சுற்றுச்சூழல் செயலர் ரோய் சிமாத்து அதற்குத் தலைவர். இதில்தான் மூடலின் உண்மையான பயன் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மேலே சொன்ன எல்லாத் துண்டுகளும் ஒரே மேசைக்கு வந்தன. அதிபர் கோபமாக இருந்ததால் வந்தன என்பது வேறு விஷயம்.

பிரதான சாலை தெற்கே காக்பானிலிருந்து வடக்கே யாபாக் வரை போகும் ஒற்றைச் சாலை. கடைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு ஆறு மீட்டர் என்று அளந்து இடித்தார்கள்; முகப்பு வெட்டுப்பட்டு, உள்ளறை வெளியே தெரியும் கட்டடங்கள் வரிசையாக நின்றன. 2006 பிரகடனம் கேட்டது 15 மீட்டர். அதை அமல்படுத்தினால் பாதித் தெரு இருக்காது என்பதால், நகராட்சியின் பழைய விதியிலிருந்த ஆறு மீட்டரோடு சமரசம் செய்துகொண்டார்கள். கடல் பக்கம், அலைக்கோட்டிலிருந்து 30 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்ற விதி கையில் எடுக்கப்பட்டது. சாலையைத் தோண்டி வடிகாலை மாற்றிக் கட்டினார்கள். 50 அறைக்கு மேல் இருக்கும் ஓட்டல்கள் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. சின்னவை சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

தெருவில் ஓடும் வண்டிகளும் மாறின. பக்கத்தில் பெட்டி வைத்த பெட்ரோல் ட்ரைசைக்கிள்தான் தீவின் வாகனம். அவற்றையும் ஒரு கூட்டுறவுச் சங்கம்தான் நடத்துகிறது. மின்சார ட்ரைசைக்கிள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே வந்துவிட்டது, ஆனால் மெதுவாக. மூடலுக்குப் பிறகு பெட்ரோல் வண்டிகளை ஓரங்கட்டி மின்வண்டிகளை முன்னால் கொண்டுவந்தார்கள். புகை குறைந்தது, இரைச்சல் குறைந்தது. ஏழு கிலோமீட்டர் தீவில் மின்வண்டியின் பேட்டரி தீர்ந்து நடுவழியில் நிற்கும் பயம் இருக்காது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு இதைவிடத் தோதான ஊர் அமைவது கடினம்.

அக்டோபர் 26-ல் தீவு திறந்தபோது அனுமதி பெற்றிருந்த ஓட்டல்கள் 157 மட்டும். அவற்றில் ஒன்றில் முன்பதிவு இருந்தால்தான் கட்டிக்லானில் படகேற விடுவார்கள். கடற்கரையில் புகை, மது, தீப்பந்த நடனம் கூடாது. மே மாதத் தொடக்கத்தில் நடந்துவந்த பெரிய குடிக்கொண்டாட்டம் ஒழிந்தது. நகராட்சி மேயர் மீது கடமை தவறியதாக நடவடிக்கை எடுத்த ஆம்பட்ஸ்மன் (அரசுப் பதவியில் இருப்பவர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு), 2019-ல் அவரைப் பதவிநீக்கம் செய்ய உத்தரவிட்டது.

19,215

திறந்தபோது கூடவே ஓர் எண்ணும் வந்தது. தீவில் ஒரு நேரத்தில் 54,945 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் சுற்றுலாப் பயணிகள் 19,215. ஒருவர் சராசரியாக மூன்று நாள் தங்குவார் என்று வைத்து, அதை மூன்றால் வகுத்து, ஒரு நாளைக்கு 6,405 பேர் வரலாம் என்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். மூடுவதற்கு முந்தைய 2017-ல் வந்தவர்கள் 20 லட்சம். 365-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 5,480. அதாவது, தீவை நாசமாக்கியதாகச் சொல்லப்பட்ட ஆண்டின் சராசரி வரவு, தீவைக் காப்பாற்ற வகுத்த உச்சவரம்பைவிடக் குறைவு! 6,405 பேர் தினமும் வந்தால் ஆண்டுக்கு 23 லட்சத்தைத் தாண்டும்.

சராசரி ஏமாற்றும் என்பது உண்மைதான். ஈஸ்டர் வாரத்திலும் சீனப் புத்தாண்டிலும் கூட்டம் பிதுங்கும், மழைக்காலத்தில் காற்றாடும்; குழாயும் குப்பை லாரியும் உச்ச நாளைத்தான் தாங்கவேண்டும், சராசரி நாளை அல்ல. வரம்பு உச்ச நாளைக் கட்டுப்படுத்தத்தான். அதையும் ஒப்புக்கொண்டு பார்த்தாலும், இவ்வளவு பேர் வருவதைத் தீவு தாங்கும் என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள். கழிவுநீர் கழிவுநீர்க் குழாயிலும், மழைநீர் வடிகாலிலும், குப்பை படகிலும் போனால் தாங்கும். 2017-ல் அவை அப்படிப் போகவில்லை.

வரம்பைக் காப்பதும் லேசான வேலை இல்லை. பெருந்தொற்றில் இரண்டு ஆண்டு அடங்கியிருந்த கூட்டம் 2022 புனித வாரத்தில் திரண்டு வந்தது. பெரிய வியாழன் அன்று 22,519 பேர், பெரிய வெள்ளி அன்று 21,252 பேர் என்று பயணிகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது. உள்ளே விட்ட பிறகு எண்ணினார்களா, எண்ணிய பிறகும் விட்டார்களா என்று விவாதம் நடந்தது. அதே ஆண்டு ஜூன் 30-உடன் பணிக்குழுவின் காலமும் முடிந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். அனுமதி கொடுப்பது நகராட்சி, துறை நடத்துவது மாகாணம், நீரைச் சோதிப்பது சுற்றுச்சூழல் துறை என்று பழைய ஏற்பாடு மறுபடி வந்தது. போராகாய்க்கென்று தனி ஆணையம் அமைக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் வந்தன, எதுவும் சட்டமாகவில்லை. 2023-ல் வரவு மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டியது.

இப்போது பேச்சு பாலத்தைப் பற்றி. கட்டிக்லானிலிருந்து தீவுக்குப் பாலம் கட்டித் தருகிறேன் என்று சான் மிகேல் நிறுவனம் அரசிடம் திட்டம் கொடுத்திருக்கிறது; விமான நிலையத்தை வளர்த்ததும் அதே குழுமம்தான். ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குப்பையைப் படகில் ஏற்றி இறக்க வேண்டாம், லாரியிலேயே காபுலிஹான் போய்விடும். தீவில் இருப்பது சின்ன மருத்துவமனை. நடுராத்திரியில், ஹபகாட் அலையில், நோயாளியைப் படகேற்றுவது எப்படி இருக்கும் என்று அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். குழாயையும் மின்கம்பியையும் பாலத்திலேயே கொண்டுபோகலாம்.

படகுச் சங்கத்தாரும் தீவின் வணிகர்களில் பலரும் வேண்டாம் என்கிறார்கள். படகோட்டிகளின் பிழைப்பு ஒரு காரணம், அது வெளிப்படை. எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 6,405 என்ற எண்ணை யாராவது எங்காவது எண்ணித்தானே ஆகவேண்டும்? இன்று அதை எண்ணுவது கட்டிக்லான் துறையின் ஜன்னல்களில். முன்பதிவுச் சீட்டைக் காட்டு, கட்டணத்தைக் கட்டு, வரிசையில் நில், படகில் இத்தனை பேர்தான் ஏறலாம். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் தீவுக்கு இருக்கும் ஒரே கதவு அது. பாலம் வந்தால் மலாய் நகராட்சி அந்த ஜன்னலை எந்த முனையில் வைக்கும், அதில் உட்காரும் ஆள் யாருடைய ஊழியராக இருப்பார், 6,406-ஆவது கார் வந்து நின்றால் அவர் அதை எங்கே திருப்பி விடுவார்?